பரிசுக்கு ஓர் அகப்பை

ஆண்டு முடிவில் மகாசபை கூடும்பொழுது சிறந்த அங்கத்தினர் ஒருவருக்குப் பரிசு வழங்குவது பல சங்கங்களில் வழக்கமாக இருந்து வருகிறது. பரிசு என்றதும் காரியதரிசி தியாகராய நகருக்குப் புறப்படுவார். பளபளக்கும் கோப்பை ஒன்றை வாங்கிப் பெயர் பொறித்துக்கொண்டு திரும்புவார். அக்கோப்பையில் பால் காய்ச்சவும் முடியாது. நெல் அளக்கவும் முடியாது. சில திங்களில் மெருகு மங்கிப் பரண் ஏறிவிடும். கைத்தொழிலே வாழ்வாகக் கொண்ட நாம், நம் கையாலேயே ஒரு பரிசைச் செய்து வழங்கலாகாதா? இவ்வினாவே இப்பாடத்திற்குத் தோற்றுவாய். நாம் எடுத்துக்கொண்ட பொருள், சித்திர வேலைப்பாடு அமைந்த மர அகப்பை.

"அகப்பையா?" என்று சிலர் நகைக்கக்கூடும். முதலில் அந்த நகைப்புக்கு விடை கூறுவோம்.

இகழ்ச்சியும் புகழ்ச்சியும்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், கணிதச் சிறப்புத் தேர்வில் தேறியவர்களைத் தரவரிசைப்படி அறிவிக்கும் முறை முன்பு இருந்தது. அவ்வரிசையில் கடைசி இடம் பெற்றவருக்கு உடன்பயின்ற மாணவர்கள் பெரியதொரு மரக்கரண்டியைக் கேலிப் பரிசாக அளித்து வந்தனர். 1909ஆம் ஆண்டில் இறுதியாக வழங்கப்பட்ட கரண்டி, படகுத் துடுப்பின் அலகினால் ஆனது. ஒரு கெஜத்திற்கும் மேற்பட்ட நீளமுடையது. மறு ஆண்டு முதல் தேர்ச்சிப் பட்டியல் தரவரிசையில் அறிவிக்கப்படாமையால் கடைசி யார் என்பது தெரியாமற் போயிற்று, வழக்கமும் நின்றது.

அதே தீவின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டிலோ மரக்கரண்டி அன்பின் அடையாளம். இளைஞர் தாம் மணக்க விரும்பும் பெண்ணுக்குத் தம் கையால் செதுக்கிய கரண்டியைக் கொடுப்பர். ஒரே மரத்துண்டில் சங்கிலி வளையங்களையும், கூண்டினுள் உருளும் குண்டுகளையும் குடைந்து தம் திறமையைக் காட்டுவர். 1667ஆம் ஆண்டு பொறித்த கரண்டி ஒன்று, கார்டிஃப் நகரை அடுத்த செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே இகழ்ச்சியோ புகழ்ச்சியோ மரத்தில் இல்லை. கொடுப்பவரின் கருத்தில் உள்ளது.

நம் நாட்டு வழக்கு

நம் நாட்டிலும் மரக்கரண்டிக்கு உயர்ந்த இடம் உண்டு. வேள்வியில் நெய் சொரியும் கரண்டிகளுக்கு இன்ன மரம் என்று பண்டை நூல்கள் விதித்துள்ளன. ஒன்றுக்குப் புரசு, மற்றொன்றுக்குக் கருங்காலி என்பது அவ்விதி. மயிலாப்பூரில் பங்குனி அறுபத்துமூவர் திருவிழா நாளில், கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் நடப்பவர், பந்தலுக்குப் பந்தல் நீர்மோரும் சோறும் வழங்கும் கைகளைக் காண்பர். வழங்கும் கையின் கருவியே அகப்பை.

அகப்பையைப் பற்றி நம் முன்னோர் கூறிய பழமொழிகள் இரண்டு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது ஒன்று. பரிமாறுகிறவர் நம்மவரானால் கடைசிப் பந்தியும் முதற் பந்திதான் என்பது மற்றொன்று. முன்னது உழைப்பைக் கூறுகிறது. பின்னது ஓரவஞ்சனையைக் குத்திக் காட்டுகிறது. கூட்டுறவுக்கு இவ்விரண்டினும் பெரிய பாடம் வேறு உண்டோ?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் மகாசபைக்கு நாம் விருந்தினராகச் சென்றிருந்தோம். அங்கே பரிசு பெற்றவர் தலைவருக்கு உறவினர். அவர் தகுதியுடையவராகவே இருந்திருக்கலாம். ஆனால் அத்தகுதி இன்னது என்று எவரும் எடுத்துரைக்கவில்லை. கைதட்டல் முன்னிரண்டு வரிசைகளோடு நின்றுவிட்டது. நம் அருகில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் அம்மையார், "அகப்பை அவர்கள் கையில் இருக்கிறது, ஐயா" என்றார், வேறொன்றும் கூறவில்லை. பரிசுப் பொருளாக அகப்பையைத் தேர்ந்ததற்கு அந்த ஒரு சொல்லே காரணம்.

செய்முறை

மரம்: பூவரசு, பலா, வேம்பு ஆகியவற்றுள் ஒன்று போதும். பயிரிடும் அங்கத்தினர் கிளை கழிக்கும்பொழுது கை பருமனுள்ள நேரான துண்டு ஒன்றை ஒதுக்கி வைக்கலாம். அரளி, எட்டி போன்ற நச்சு மரங்களை உணவுக்குரிய கருவிக்கு ஒருபோதும் எடுக்கலாகாது. கிளையை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, நடுத்தண்டை நீக்கிவிட வேண்டும். அது உள்ளிருந்தால் காயும்பொழுது வெடிப்பு உண்டாகும். ஈரம் சிறிதுள்ள மரம் உளிக்கு எளிதில் இணங்கும். பழைய தறியின் மிதிகட்டையைப் பயன்படுத்தினால் பரிசுக்குத் தனிப்பெருமை உண்டு. ஆனால் உலர்ந்து இறுகிய மரத்தைச் செதுக்கப் பொறுமை மிகுதியும் வேண்டும்.

அளவு: நீளம் 16 அங்குலம், கிண்ணப் பகுதியின் அகலம் 3 அங்குலம், கட்டையின் கனம் ஒன்றரை அங்குலம். அட்டையில் வடிவத்தை வெட்டி, கட்டையின்மேல் வைத்துக் கரியால் வரைந்துகொள்க.

குடைதல்: புறத்தைச் செதுக்குமுன் கிண்ணத்தைக் குடைந்துவிடுக. கட்டை சதுரமாக இருக்கும்பொழுதுதான் அசையாமல் இறுக்கிப் பிடிக்க இயலும். வளைந்த உளியைக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் செல்க. ஒரே வெட்டில் விளிம்பு தாண்டிப் போனால் மரம் பிளந்துவிடும். கிண்ணத்தின் சுவர் கால் அங்குல கனத்தில் நிற்கட்டும். பின்னர் வாய்ச்சியாலும் உளியாலும் புறத்தை உருவாக்குக. கிண்ணமும் காம்பும் கூடும் கழுத்தில் கனம் குறையலாகாது. அகப்பை முறிவது அங்கேதான். உளி செல்லும் திசையில் மறுகையை வைக்க வேண்டா.

உலர்த்துதல்: செதுக்கிய சீவல்களுக்குள் புதைத்தோ, தாளில் சுற்றியோ, நிழலில் இரண்டு மூன்று வாரம் வைத்திடுக. வெயிலில் இட்டால் ஒரே நாளில் வெடிக்கும்.

சித்திரம்: இது நெசவாளர் பங்கு. சேலைக் கரையைக் கட்டத்தாளில் வரைந்து பழகிய கைக்கு இது புதிதன்று. 1936இல் ருக்மிணி தேவி அடையாற்றில் நிறுவிய கலாக்ஷேத்திரம், அடுத்த ஆண்டிலேயே நெசவுப் பகுதியையும் தொடங்கிப் பழைய கரை வகைகளுக்குப் புதுவாழ்வு தந்தது. அவ்வகையில் வரும் உருத்திராக்கம், கோபுரம், மயிற்கண் ஆகியவற்றைக் காம்பின் மேற்பாதியில் அமைக்கலாம். முதன்முறை செதுக்குவோர்க்குக் கோபுரக் கூர்களே ஏற்றவை. வளைகோடு மரத்தின் நாரோட்டத்திற்கு மாறாகத் திரும்புமிடத்தில் பிசிறும். நேர்கோட்டில் அத்தொல்லை குறைவு. ஓரத்தில் நெற்கதிர் ஒன்று இருந்தால் உழவருக்கும் இடம் கிடைக்கும். பள்ளம் அரைக்கால் அங்குலத்திற்கு மிகலாகாது. கிண்ணத்திலும் கைப்பிடியிலும் சித்திரம் வேண்டா. உணவும் அழுக்கும் அங்கே தங்கிவிடும்.

மெருகு: அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்குக. ஒருமுறை நீரில் நனைத்து உலர்த்தினால் நார்கள் மேலெழும், மீண்டும் தேய்த்திடுக. பின் கலப்பில்லாத தேங்காயெண்ணெயை மெல்லத் தடவித் துடைத்தெடுத்தால் போதும். வார்னிஷ் பூசலாகாது, பரிசு அடுப்பங்கரைக்குப் போக வேண்டியது. காம்பின் பின்புறம் ஆண்டையும் சங்கத்தின் பெயரையும் பொறித்திடுக.

யாருக்கு வழங்குவது?

மிகுதியாக நெய்தவருக்கும் மிகுதியாக விளைத்தவருக்கும் கூலியும் விலையுமே பரிசாக வந்து சேர்கின்றன. அகப்பை அவருக்குரியதன்று, சங்கத்தின் பொருளைத் தம் கையால் பகிர்ந்தபொழுது தமக்கோ தம்மவருக்கோ ஒரு துளியும் மிகுதியாக ஊற்றாதவருக்கு உரியது. நூல் நிறுத்துக் கொடுத்தவராகவோ, விதை பங்கிட்டவராகவோ, கணக்கு எழுதியவராகவோ அவர் இருக்கலாம். 1904இல் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய நாள் முதல், இந்நகரத்தில் கூட்டுறவு வேரூன்றியது அத்தகையோரின் கைகளாலேயே.

ஆகவே மூன்று விதிகளைக் கூறி முடிப்போம். நிர்வாக சபையில் உள்ளவரும் அவர்தம் உறவினரும் அவ்வாண்டு இப்பரிசுக்கு உரியவரல்லர். அங்கத்தினர் அனைவரும் இரகசியமாகச் சீட்டு எழுதித் தேர்ந்தெடுக்க வேண்டும். பரிசு பெறுபவர் செய்த பணி இன்னது என்பதை மகாசபையில் உரக்கப் படிக்க வேண்டும்.

நவம்பர் 14 அன்று கூட்டுறவு வாரம் தொடங்குகிறது. இன்றே ஒரு கிளையை எடுத்து வைப்போமாயின், அந்நாளில் அகப்பை ஆயத்தமாக இருக்கும். அன்று கைதட்டல் கடைசி வரிசை வரை செல்லுமா என்பது மட்டும் உளியைப் பொறுத்ததன்று. சீட்டெழுதும் நம் கையைப் பொறுத்தது.