கருவேலும் சீமைக் கருவேலும்

நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் தரிசு நிலங்களிலும் இருவகை முள் மரங்களைக் காண்கிறோம். ஒன்று நாட்டுக் கருவேல். மற்றொன்று சீமைக் கருவேல். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டும் ஒன்றே என எண்ணுவோர் பலர். அவ்வாறு எண்ணுவதால் நமக்கு நேரும் இழப்பு பெரிது. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

கருவேல் வறண்ட நிலத்து மரம். ஆப்பிரிக்கா, அரேபியா முதல் இந்தியா வரை இயற்கையாக வளர்கிறது. அதன் தாவரவியல் பெயரிலுள்ள 'நிலோட்டிகா' என்னும் சொல் நைல் நதியைக் குறிக்கும். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் உடன்படிக்கைப் பேழையைச் செய்த சித்திம் மரமும் வேல மர இனத்தைச் சேர்ந்ததே என்பர் அறிஞர். வறட்சியைத் தாங்கும் இம்மரம், சில மாதங்கள் நீர் சூழ்ந்து நின்றாலும் பட்டுப்போகாது. ஆகவேதான் 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் ஏரிகளின் உட்புறத்தில் இதனை நட்டு வளர்த்தனர்.

மருந்தாகும் விதம்: வேலங்குச்சியால் பல் துலக்குவது நம் முன்னோர் வழக்கம். பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து ஈறுகளை இறுகச் செய்யும். ஈற்றில் இரத்தம் கசிந்தால் பட்டையைக் கொதிக்கவைத்து, ஆறியபின் வாய் கொப்பளிப்பர். வயிற்றுப்போக்கிற்குக் கொழுந்தை அரைத்து மோரில் கலந்து கொடுப்பதை எங்கள் பாட்டிமார் இன்றும் கூறுகின்றனர். இவை கைவைத்தியமே, நோய் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும்.

தீவனமாகும் விதம்: கோடையில் புல் கருகி, ஆடுகள் மேய்ச்சலுக்குத் தவிக்கும் காலத்தில் கருவேலங்காய் முற்றி உதிர்கிறது. ஆடு மேய்ப்போர் தொரட்டியால் கிளையை உலுக்கிக் காய்களை உதிர்ப்பர். இலையையும் ஆடுகள் விரும்பித் தின்னும். துவர்ப்பு மிகுதியாதலால் காயை மட்டுமே தீவனமாகக் கொடுக்காமல், மற்றத் தீவனத்தோடு சேர்த்துக் கொடுப்பது நல்லது. ஆட்டின் வயிற்றில் ஊறி வெளிவரும் விதைகள் விரைவில் முளைக்கும். ஆதலால் நாற்று வளர்ப்போர் ஆட்டுப்பட்டியிலிருந்து விதை பொறுக்குவர்.

சீமைக் கருவேலின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1877-இல் கடப்பைப் பகுதியில் இது நடப்பட்டது. பஞ்சம் மிகுந்த அந்நாளில் விறகுக்கு உதவும் என்று கருதினர். இன்றும் ஏழைகளின் அடுப்பிற்கும் கரி மூட்டத்திற்கும் இது உதவுவதை மறுக்க இயலாது. ஆயினும் இது மற்றச் செடிகளை வளரவிடாமல் நிலத்தை அடைத்துக்கொள்கிறது. இதன் இலையைக் கால்நடைகள் தின்பதில்லை. இனிப்பான காயையே நெடுநாள் தின்ற மாடுகளுக்குத் தாடை தளர்ந்து, அசைபோட முடியாமற் போவதுண்டு.

2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலை அகற்ற ஆணையிட்டது. அவ்வாறு அகற்றும்போது, எல்லாம் முள் மரமே என்று நாட்டுக் கருவேலையும் சேர்த்து வெட்டினால் மருந்தும் போகும், கோடைத் தீவனமும் போகும்.

பிரித்தறிவது எளிது. கருவேலின் பூ மஞ்சள் நிறப் பந்து போன்றது. காய் சாம்பல் நிறத்தில், மணி கோத்த மாலைபோல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக் கருவேலின் பூ வால்போல் நீண்டிருக்கும். காய் இடுங்காமல், பழுத்தால் வெளிர்மஞ்சளாகும்.

தோழியரே! இறைவன் நம் மண்ணுக்கு அளித்த மரத்தை அடையாளம் காண்போம். வெட்டுவோருக்கும் அதனைக் காட்டிக் கொடுப்போம். அறிந்தால்தானே காக்க முடியும்!