சராசரியும் கூறெடுப்பும் : விரிதாள் வழி ஓர் அறிமுகம்

நம் நாட்டில் ஒரு நிலக் கைப்பற்றின், அதாவது ஒரே பொறுப்பில் சாகுபடி செய்யப்படும் நிலத்தின், சராசரிப் பரப்பு 1970-71ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பில் 2.28 ஹெக்டேராக இருந்தது. 2015-16ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அது 1.08 ஹெக்டேராகக் குறைந்தது. இந்த இரண்டாம் எண்ணை மட்டும் காண்பவர், நாட்டின் விவசாயிகளுள் பெரும்பாலோர் ஒரு ஹெக்டேர் அளவில் பயிர் செய்கின்றனர் என்று கருதக்கூடும். ஆனால், நூறு கைப்பற்றுகளில் 68க்கும் மேற்பட்டவை ஒரு ஹெக்டேருக்கும் குறைவானவை என்று அதே கணக்கெடுப்பு கூறுகிறது. அந்தக் குறு கைப்பற்றுகளின் சராசரிப் பரப்பு 0.38 ஹெக்டேர் மட்டுமே. 1.08 என்னும் எண் பிழையன்று. எனினும் பெரும்பான்மையோரின் நிலையை அது காட்டவில்லை.

கடன், மானியம், நிவாரணம், காப்பீடு ஆகிய அனைத்தும் இத்தகைய எண்களைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றன. ஆதலின், ஒரு சராசரி எதைக் கூறுகிறது, எதை மறைக்கிறது, அது யாரிடமிருந்து திரட்டப்பட்டது என்று கேட்டறியும் பழக்கம் மாணவர்க்கும் அலுவலர்க்கும் இன்றியமையாதது. முன்பு தாளும் எழுதுகோலும் கொண்டு நாட்கணக்கில் செய்த கணக்குகளை, இன்று கணினியிலுள்ள விரிதாள் நொடிப்பொழுதில் செய்து தருகிறது. கணக்கிடும் உழைப்பு குறைந்துவிட்டது. எண்களை ஆராயும் பொறுப்பு குறையவில்லை.

மையத்தைக் காட்டும் அளவைகள்

விரிதாள் என்பது நிரைகளும் நிரல்களும் கொண்ட ஒரு கட்டத்தாள். ஒவ்வொரு நிரையிலும் ஒரு குடும்பம் அல்லது ஒரு வயல், ஒவ்வொரு நிரலிலும் ஒரு விவரம் என்று எழுதுவதே முறையாகும். பத்து விவசாயிகள் மட்டுமே உள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்காட்டாகக் கற்பித்துக்கொள்வோம். அவர்களின் கைப்பற்றுகள் ஹெக்டேரில் பின்வருமாறு: 0.2, 0.3, 0.4, 0.4, 0.5, 0.6, 0.8, 1.0, 1.8, 5.0. இவற்றைப் பி நிரலில் இரண்டாம் நிரை முதல் பதினோராம் நிரை வரை எழுதுக.

‘ஏவரேஜ்’ என்னும் சார்பை இந்த எண்களின்மீது இயக்கினால் கூட்டுச் சராசரி 1.1 என்று கிடைக்கும். ‘மீடியன்’ என்னும் சார்பு இடைநிலை அளவைத் தரும், அது 0.55. எண்களை ஏறுவரிசையில் நிறுத்தினால் சரி பாதியில் நிற்கும் மதிப்பே இடைநிலை அளவாகும். ‘மோட்’ என்னும் சார்பு மிகுதியாக வரும் மதிப்பான முகட்டைத் தரும். இங்கு அது 0.4.

பத்துப் பேரில் சராசரியைவிட மிகுதியாக நிலம் உடையவர் இருவரே. இறுதியில் உள்ள 5.0 என்பதை 10.0 என்று மாற்றிப் பார்க்கலாம். சராசரி 1.6 ஆக உயர்கிறது. இடைநிலை அளவோ 0.55லேயே நிற்கிறது. ஒருவரின் நிலம் இரட்டித்ததால் ஊரே செழித்துவிட்டது போன்ற தோற்றத்தைச் சராசரி உண்டாக்குகிறது. நிலம், வருமானம், கடன் போன்று ஒரு சிலரிடம் மிகுதியாகக் குவியும் பொருள்களைப் பற்றி எழுதும்போது, சராசரியுடன் இடைநிலை அளவையும் தருவது கடமை எனலாம். நாட்டுக் கணக்கெடுப்பிலும் இதையே காண்கிறோம். பாதிக்கும் மேற்பட்ட கைப்பற்றுகள் ஒரு ஹெக்டேருக்குக் குறைவானவை. எனவே இடைநிலை அளவும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும்.

சிதறலைக் காட்டும் அளவைகள்

மையம் ஒன்றாகவே உள்ள இரண்டு ஊர்கள் தன்மையில் முற்றிலும் வேறுபடலாம். ஆதலால் எண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதையும் அளக்க வேண்டும். மிகப் பெரிய மதிப்பிற்கும் மிகச் சிறிய மதிப்பிற்கும் உள்ள வேறுபாடு வீச்சு. நமது சிற்றூரில் அது 4.8. ‘குவார்ட்டைல்’ என்னும் சார்பு கால்மானங்களைத் தரும். முதற் கால்மானம் 0.4, மூன்றாம் கால்மானம் 0.95. நடுவிலுள்ள பாதிப் பேர் ஏறத்தாழ இந்த எல்லைக்குள் அடங்குவர்.

ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் கணக்கிட்டு, அவ்விலக்கங்களின் வர்க்கங்களைச் சராசரியாக்கி, வர்க்கமூலம் கண்டால் திட்டவிலக்கம் கிடைக்கும். விரிதாளில் இதற்கு இரு சார்புகள் உள்ளன. ஊரிலுள்ள அனைவரையும் கணக்கில் கொண்டிருந்தால் ‘எஸ்டிடெவ்.பி’ என்பதைப் பயன்படுத்த வேண்டும்; விடை 1.37. இப்பத்துப் பேரும் ஒரு பெரிய தொகுதியிலிருந்து எடுக்கப்பட்ட கூறுகளாயின் ‘எஸ்டிடெவ்.எஸ்’ என்பதே பொருந்தும், விடை 1.45. பின்னதில் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம். இங்குத் திட்டவிலக்கம் சராசரியையே விஞ்சி நிற்பது, சராசரியை மட்டும் நம்பலாகாது என்பதற்கு ஓர் எச்சரிக்கையாகும்.

2023-24ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வும் இதற்குச் சான்று. ஊரகப் பகுதியில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 4,122 ரூபாய், நகர்ப்புறத்தில் 6,996 ரூபாய் என்று அது மதிப்பிட்டது. ஊரகத்தின் அடிமட்ட 5 சதவீதத்தினரின் செலவோ 1,677 ரூபாயாகவும், மேல்மட்ட 5 சதவீதத்தினரின் செலவு 10,137 ரூபாயாகவும் இருந்தன.

ஏன் கூறெடுப்பு?

அந்த ஆய்வில் விவரம் திரட்டப்பட்ட குடும்பங்கள் 2,61,953. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த குடும்பங்களோ ஏறத்தாழ 25 கோடி. ஆயிரத்திற்கு ஒன்று என்ற அளவில் விசாரித்து முழு நாட்டைப் பற்றிக் கூற இயலுமா என்ற ஐயம் எழுவது இயல்பே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாம் அறிந்த பழமொழி. பானையில் எல்லா அரிசியும் ஒரே நீரில், ஒரே சூட்டில் வேகின்றது. ஆகவே எந்தச் சோற்றை எடுத்தாலும் பதம் தெரியும். ஊரும் நாடும் அவ்வாறு ஒரே சீராக இருப்பதில்லை. எனவே எதை எடுப்பது என்பதை நம் விருப்பத்திற்கு விடாமல், ஒவ்வோர் அலகுக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு முன்னரே அறியப்பட்டிருக்குமாறு செய்கிறோம். இதுவே சமவாய்ப்புக் கூறெடுப்பின் அடிப்படை.

இத்துறையில் இந்தியாவின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தில் சணல் பயிர்ப் பரப்பை மாதிரி ஆய்வு மூலம் மதிப்பிடும் பணியில் ஈடுபட்டார். 1950ஆம் ஆண்டில் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. பயிர் விளைச்சலை மதிப்பிடும் கூறெடுப்பு முறைகளை வேளாண் ஆராய்ச்சித் துறையில் பி. வி. சுகாத்மேயும் வி. ஜி. பான்சேயும் வளர்த்தனர்.

விரிதாளில் கூறுகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு கிராமத்தில் குறிப்பிட்ட பயிர் நிற்கும் 120 வயல்களிலிருந்து எட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கொள்வோம். முதலில் 120 புல எண்களையும் ஒன்றுவிடாமல் ஏ நிரலில் எழுதுக. பட்டியலில் இடம்பெறாத வயலுக்குத் தேர்வாகும் வாய்ப்பே இல்லை. ஆதலால் பட்டியலின் முழுமையே முதற் சோதனை. அடுத்த நிரலில் ‘ராண்ட்’ என்னும் சார்பை ஒவ்வொரு நிரையிலும் இடுக. அது பூச்சியத்திற்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஒரு சமவாய்ப்பு எண்ணைத் தரும். தாளில் எந்த மாற்றம் செய்தாலும் அவ்வெண்கள் மாறிக்கொண்டே இருக்கும். எனவே அவற்றைப் படியெடுத்து, சார்பாக அன்றி மதிப்பாக மட்டும் ஒட்டி நிலைப்படுத்த வேண்டும். பின்னர் அந்நிரலின்படி முழுப் பட்டியலையும் வரிசைப்படுத்தி முதல் எட்டு வயல்களை எடுத்துக்கொள்ளலாம். இது எளிய சமவாய்ப்புக் கூறெடுப்பு.

முறைசார்ந்த கூறெடுப்பில் 120ஐ 8ஆல் வகுத்து 15 என்னும் இடைவெளியைப் பெறுகிறோம். ‘ராண்ட்பிட்வீன்’ என்னும் சார்பினால் 1 முதல் 15 வரை ஓர் எண்ணைத் தேர்கிறோம். அது 7 எனின் 7, 22, 37, 52, 67, 82, 97, 112 ஆகிய வரிசை எண்களுக்குரிய வயல்கள் கூறுகளாகும்.

பாசன வயலும் மானாவாரி வயலும் கலந்துள்ள இடத்தில் படுகைக் கூறெடுப்பு சிறந்தது. இரு பிரிவுகளிலும் தனித்தனியே கூறுகள் எடுத்தபின், அவற்றின் பரப்பிற்கேற்ப எடையிட்டுச் சராசரி காண வேண்டும். பாசனப் பரப்பு 200 ஹெக்டேர், விளைச்சல் ஹெக்டேருக்கு 4,600 கிலோ. மானாவாரிப் பரப்பு 100 ஹெக்டேர், விளைச்சல் 2,200 கிலோ எனக் கொள்வோம். இவ்விரு எண்களை வெறுமனே கூட்டி இரண்டால் வகுத்தால் 3,400 கிடைக்கும். எடையிட்ட சராசரியோ 3,800 கிலோ. ‘சம்ப்ராடக்ட்’ என்னும் சார்பினால் பரப்பையும் விளைச்சலையும் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுத்தால் இவ்விடை கிடைக்கும்.

நான்கு வயல்களும் ஒரு கிராமமும்

கூறெடுப்பின் விளைவு விவசாயியின் கைக்கு நேரடியாக வந்து சேரும் இடம் பயிர்க் காப்பீடு. 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், முக்கியப் பயிர்களுக்குக் கிராம ஊராட்சி அளவில் குறைந்தது நான்கு பயிர் அறுவடைப் பரிசோதனைகள் நடத்தப்பட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் வகுத்தன. பிற்காலத்தில் தொலையுணர்வு மதிப்பீடுகளுக்கும் இடம் தரப்பட்டது; ஆயினும் வயலில் அறுத்து நிறுத்துக் காணும் விளைச்சலின் முக்கியத்துவம் நீங்கவில்லை. பரிசோதனை விளைச்சல் உத்தரவாத மகசூலைவிட எவ்வளவு குறைகிறதோ, அந்தக் குறைவை உத்தரவாத மகசூலால் வகுத்து, காப்பீட்டுத் தொகையால் பெருக்கினால் இழப்பீடு கிடைக்கும்.

நான்கு வயல்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவுள்ள சதுரங்களில் அறுத்த நெல் முறையே 9.2, 11.0, 12.4, 7.4 கிலோ என்று கொள்வோம். ஈரப்பதத்திற்கான கழிவை இங்கு விட்டுவிடலாம். சராசரி 10 கிலோ. 25 சதுர மீட்டருக்குரிய அதனை 400ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 4,000 கிலோ. உத்தரவாத மகசூல் 4,200 கிலோ, காப்பீட்டுத் தொகை ஹெக்டேருக்கு 60,000 ரூபாய் எனின், இழப்பீடு ஏறத்தாழ 2,857 ரூபாய். இனி, 7.4 கிலோ தந்த வயல் ஓடைக்கு அப்பால் தொலைவில் உள்ளது என்பதற்காக, அதனை விடுத்துச் சாலையோர வயல் ஒன்றில் அறுத்து 10.4 கிலோ கண்டதாகக் கொள்வோம். சராசரி 10.75 கிலோ, ஹெக்டேருக்கு 4,300 கிலோ. அந்தப் பயிருக்குக் காப்பீடு செய்த ஊரார் அனைவருக்கும் இழப்பீடு இல்லை என்றாகிவிடும். விரிதாள் இரண்டு கணக்குகளையும் சரியாகவே செய்யும். ஒரு வயலை மாற்றியதன் விளைவை அது அறியாது.

மற்றொரு பிழை இதனினும் நுட்பமானது. நான்கு வயல்களில் ஒன்றில் பயிர் முற்றிலும் அழிந்துவிட்டது. ஏனைய மூன்றில் 12, 11, 9 கிலோ கிடைத்தது. அழிந்த வயலுக்கு நேரே பூச்சியம் என்று எழுதினால் சராசரி 8 கிலோ, ஹெக்டேருக்கு 3,200. கட்டத்தை வெறுமையாக விட்டால், ‘ஏவரேஜ்’ சார்பு அதனை எண்ணாமல் மூன்றால் வகுத்து 10.67 கிலோ என்று காட்டும், ஹெக்டேருக்கு 4,267. பெரிதும் இழந்தவரின் வயலே கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. விவரம் கிடைக்கவில்லை என்பதும் விளைச்சல் பூச்சியம் என்பதும் வெவ்வேறு செய்திகள். அவற்றை வேறுபடுத்தி எழுதுவது விவரம் திரட்டுவோரின் கடமை.

திட்டப்பிழை

முறையாகத் தேர்ந்த கூறுகளிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. கூறுகளின் திட்டவிலக்கத்தை அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை கிடைக்கும். முதலில் கூறிய நான்கு வயல்களின் திட்டவிலக்கம் 2.17 கிலோ, திட்டப்பிழை 1.09 கிலோ, அதாவது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 435 கிலோ. நாம் கண்ட குறைவோ 200 கிலோதான். இந்த நான்கு வயல்களைக் கொண்டு ஊரின் உண்மை விளைச்சல் உத்தரவாத அளவிற்குக் கீழ் என்றோ மேல் என்றோ உறுதியாகக் கூற இயலாது. சிதறல் மாறாதிருக்கையில் பதினாறு வயல்களை எடுத்தால் திட்டப்பிழை பாதியாகும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைப்பு வேண்டும் என்பது இதன் பொருள்.

ஆனால் திட்டப்பிழை காட்டுவது தற்செயலான ஏற்றத்தாழ்வை மட்டுமே. வசதியான வயலை நாடுதல், சதுரத்தின் எல்லைக்கு வெளியிலுள்ள செடிகளையும் சேர்த்து அறுத்தல், எடையைத் தவறாகக் குறித்தல் போன்ற ஒருபக்கச் சாய்வுகளை அது காட்டாது. கூறுகளின் எண்ணிக்கையைப் பெருக்கினாலும் இச்சாய்வுகள் நீங்கா. நேர்மையாக எடுத்த சில கூறுகள், சாய்வுடன் எடுத்த பல கூறுகளினும் மேலானவை.

அலுவலர் கவனத்திற்கு

ஓர் அறிக்கையில் சராசரி ஒன்றைத் தரும்போது ஐந்து செய்திகளை உடன் தருதல் நலம். முதலாவது, கூறுகளின் எண்ணிக்கை, இரண்டாவது, அவை எந்தப் பட்டியலிலிருந்து எம்முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது, மூன்றாவது, இடைநிலை அளவும் கால்மானங்களும், நான்காவது, திட்டப்பிழை, ஐந்தாவது, விடுபட்டவை எத்தனை, மாற்றப்பட்டவை எத்தனை, ஏன் என்பது. விரிதாளில் இவற்றிற்குக் கூடுதலாகச் சில நிரல்களே தேவைப்படும். மூல விவரங்களைத் திருத்தாமல் ஒரு தாளிலும், கணக்குகளை வேறொரு தாளிலும் வைத்திருந்தால், பின்னர் வருபவர் எவரும் சரிபார்க்க இயலும்.

பதிவேட்டின் ஒவ்வொரு நிரைக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட வயல் எத்துணைத் தொலைவில் இருப்பினும் அங்கே சென்று அளப்பதும், கண்டதைக் கண்டவாறே எழுதுவதும் புள்ளியியலின் முதற் பாடமாகும். சார்புகளும் சூத்திரங்களும் அதற்குப் பின்னரே வருவன.