பவளம் வெளுத்தது ஏன்?

ஈப்போவில் நம் முன்னாள் மாணவர் ஒருவர் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கிறார். அது திடீரென வெளுத்தது. "இறந்துவிட்டது, ஐயா!" என்றார். உருப்பெருக்கியால் நோக்கினோம், வெண்மையின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தசை இருந்தது. உயிர் போகவில்லை.

பவளம் ஓர் உயிரி. அதனுள் வாழும் நுண்பாசியே நிறமும் பெரும்பகுதி உணவும் அளிப்பது. வெப்பம் மிகின் பாசி நீங்கும். 2010இல் ரெடாங், தியோமான் தீவுகளில் இவ்வாறே நேர்ந்து, முக்குளிக்கும் இடங்கள் சில மூடப்பட்டன.

இங்கோ வெப்பம் அளவாகவே இருந்தது. உப்பு, லிட்டருக்கு 35 கிராமுக்குப் பதில் 41! வற்றிய நீருக்கு ஈடாக உப்புநீரையே ஊற்றிவந்தாராம். நீர் ஆவியாகும், உப்பு ஆகாது. (வகுப்பில் நாம் நடத்திய பாடந்தான்!) நாள்தோறும் சிறிது தொட்டிநீரை எடுத்துவிட்டு, வடிகட்டிய நன்னீர் சேர்க்கச் சொன்னோம், ஒரேயடியாக மாற்றின் எஞ்சிய உயிரும் போகும். இரு திங்களுக்குப்பின் அடிக்கிளையில் பழுப்பு நிறம் தென்பட்டது.