வீட்டுக் கணினியும் நச்சுநிரலும்

முன்னாளில் எமது வீடுகளிலே காணி உறுதிகளும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் நிழற்படங்களும் இரும்புப் பெட்டியிற் பேணப்பட்டன. இன்று வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் அவற்றின் படிகள் கணினியுள் அடங்கிவிட்டன. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் தம் பெற்றோர்க்கு அனுப்பும் பேரப்பிள்ளைகளின் படங்களும் அங்கேயே உள்ளன. ஏட்டுக்குக் கறையானும் பெட்டிக்குக் கள்வனும் பகையானாற்போலக் கணினிக்குப் பகையாவது நச்சுநிரல். வைரஸ் என யாவரும் வழங்குவது இதனையே. இதனின்றும் வீட்டுக் கணினியைக் காக்கும் முறையினையும், பீடிக்கப்பட்டவிடத்துச் செய்யத்தக்கனவற்றையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

நச்சுநிரலின் இயல்பு

நச்சுநிரல் தானாகத் தோன்றுவதன்று. மனிதர் எழுதும் நிரலே. அது தன்னைத்தானே படியெடுத்துக் கணினிக்குக் கணினி தொற்றும் இயல்பினது. ஐ.பி.எம். வகைக் கணினிகளிடையே பரவிய முதலாவது நச்சுநிரல் எமது தெற்காசியாவிலேயே பிறந்தது. 1986ஆம் ஆண்டிலே லாகூர் நகரத்துச் சகோதரரான பாசித் பாரூக் அல்வி, அம்ஜத் பாரூக் அல்வி என்போர், தாம் ஆக்கிய மென்பொருளைப் பிறர் களவாகப் படியெடுத்தலைத் தடுக்கக் கருதிப் 'பிரெயின்' என்னும் நிரலை எழுதினர். தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அதனுள்ளே பொறித்தும் வைத்தனர். நெகிழ்தட்டுகள் வழியாக அது பல நாடுகளுக்கும் பரவிற்று. இக்காலத்து நச்சுநிரல் எழுதுவோரோ பெயரை மறைத்துப் பணத்தை நாடுவர்.

புகும் வழிகள்

வழிகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, பலர் கைமாறும் பென் டிரைவ். அச்சுப் பிரதி எடுக்கும் கடைக்குச் சென்று மீள்வது பலவேளைகளில் தொற்றுடனேயே மீள்கின்றது. இரண்டாவது, மின்னஞ்சலின் இணைப்பு. 2000 மே மாதத்திலே பிலிப்பைன்சிலிருந்து பரவிய 'ஐ லவ் யூ' நச்சுநிரல், காதற் கடிதம்போல வந்து, திறந்தவரது முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவர்க்கும் தன்னைத்தானே அனுப்பிற்று. ஆதலின் அறிந்தவர் பெயரில் வந்தது என்பதொன்றே நம்புதற்குப் போதிய காரணமன்று. மூன்றாவது, திருத்தப்படாத மென்பொருள். 2017 மே 12இல் உலகைக் கலக்கிய 'வன்னாகிரை'க்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் இரு மாதங்களின் முன்னரே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றாதிருந்தோரே பெரிதும் துன்புற்றனர்.

வருமுன் காத்தல்

இயங்குதளம் வேண்டும் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுக. விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிவுற்றமையின், அதனை இன்னும் கையாள்வோர் மாற்றுவழி தேடுதல் நன்று. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றிலே நச்சுநிரல் தடுப்பான் உடனமைந்தே உள்ளது. அதனை நிறுத்தாதிருத்தலே வேண்டுவது. களவுப் பிரதி மென்பொருளை நிறுவும்பொருட்டுத் தடுப்பானை நிறுத்துவோர், கள்வனுக்குத் தாமே கதவு திறப்போராவர்.

வந்தபின் செய்வன

எமது அனுபவம் ஒன்றினைக் கூறுவாம். கடையிலிருந்து மீண்ட பென் டிரைவை வீட்டிற் செருகியபோது கோப்புறைகள் யாவும் மறைந்து, அவற்றின் பெயரிலே குறுக்குவழிக் குறிகள் மாத்திரம் நின்றன. எல்லாம் அழிந்தன என அஞ்சி, அதனை முற்றாகத் துடைத்துவிட்டோம். காலஞ்சென்ற அன்னையாரின் படங்கள் சில அதனோடு போயின. பின்னரே உண்மை அறிந்தோம். அவ்வகை நச்சுநிரல் கோப்புறைகளை அழிப்பதில்லை. ஒளித்து வைப்பதே செய்யும். குறிகளைத் தொடாது நச்சுநிரலை நீக்கி, மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவினை இயக்கியிருப்பின் படங்கள் மீண்டிருக்கும். நச்சுநிரல் செய்யாத அழிவை எமது பதற்றம் செய்தது.

ஆதலின் முதற்கண் பதறாதிருத்தல் வேண்டும். கணினியை இணையத்தினின்றும் துண்டிக்க. வேறு தட்டு எதனையும் அதிற் செருகற்க. தடுப்பானைக் கொண்டு முழுமையாகச் சோதிக்க. மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களைத் தொற்றில்லாத பிறிதொரு கருவியிலிருந்து மாற்றுக. தொற்று நீங்காதாயின், இயங்குதளத்தைத் துடைத்துப் புதிதாக நிறுவுதலே தக்கது. கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்போருக்குப் பணம் கொடுப்பினும் அவை மீளும் என்பதற்கு உறுதியில்லை. 2006இல் நிறுவப்பட்ட இலங்கை சேர்ட் நிறுவனத்திற்கு முறையிடலாம்.

காப்புப் பிரதி

இவை யாவற்றினும் தலையாயது, வேறாக வைத்த பிரதி. 2023 ஓகஸ்டிலே இலங்கை அரசாங்க முகிற் கணினித் தொகுதியைக் கப்பநிரல் தாக்கியது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லாமையின், அக்காலத்துத் தரவுகள் மீளவில்லை. அரசாங்கத்துக்கு நேர்ந்தது எமது வீட்டுக்கும் நேரலாம்.

ஆகவே மாதம் ஒருமுறையேனும் தனி வன்தட்டொன்றிற் படியெடுத்து, உடனே கழற்றி வைக்க. கணினியோடு இணைந்தே கிடக்கும் பிரதி கணினியோடு சேர்ந்தே கெடும். இன்னொரு பிரதி உறவினர் வீட்டிலோ இணைய முகிலிலோ இருத்தல் நன்று. எமது முன்னோர் ஓலைச்சுவடி சிதையுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிய வழக்கமும் இதுவேயாம்.

இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர், விடுமுறை நாளொன்றிலே தம் வீட்டு முதியோரின் கணினியருகே அமர்ந்து இப்பணியைச் செய்து கொடுப்பாராயின், அதுவே அவர்தம் கல்வியின் பயனாகும்.