பெரிய நாயை வீதியில் நடத்துதல்

அன்புள்ள தம்பிக்கு,

வளர்ந்த அல்சேஷன் கடுவன் 30 முதல் 40 கிலோ வரை நிறை இருக்கும். றொட்வைலர் கடுவன் 50 கிலோவையும் எட்டும். உயர்தர வகுப்பு மாணவர் பலரின் நிறையே அவ்வளவுதான். நான்கு காலையும் நிலத்தில் ஊன்றி நெஞ்சைத் தாழ்த்தி இழுக்கும் அத்தகைய நாயை, இரண்டு காலில் நிற்பவர் கைப்பலத்தால் நிறுத்திவிட முடியாது. வீதியில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது முன்கூட்டியே ஊட்டிய பழக்கம் ஒன்றுதான்.

நாய் இழுப்பது முரட்டுத்தனத்தாலோ எசமானை மதிக்காததாலோ என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. மனிதரின் சாதாரண நடை மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீற்றர். பெரிய நாய்க்கு இயல்பான பெருநடை அதைவிட விரைவானது. அதைவிடப் பெரிய காரணம், இழுத்தால் பலன் கிடைப்பது. வேலியடி மணத்தை நோக்கி நாய் இழுக்கும்போது பின்னால் வருபவர் இரண்டு எட்டு விட்டுக்கொடுத்தால், இழுப்புக்கு அந்த இடத்திலேயே கூலி கொடுத்தாயிற்று. எப்போதாவது மட்டும் பலன் தரும் செயலை விலங்குகள் எளிதில் கைவிடுவதில்லை என்பதைப் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகளில் உளவியலாளர் ஸ்கின்னர் காட்டினார். சக ஆய்வாளர் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து அவர் எழுதிய பெருநூல் 1957இல் வெளிவந்தது. ஐந்து நாள் மறுத்துவிட்டு ஆறாம் நாள் அவசரத்தில் இழுத்த பக்கம் போகும் வீட்டில், நாயின் இழுப்பு முன்னிலும் உறுதிப்படுவது இதனால்தான்.

மன்னார்த் தீவிலுள்ள நம் பள்ளிமுனை மீனவர் ஊர். நைலோன் கயிற்றுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் நாயை நடத்த அது ஆகாது. மெல்லிய நைலோன் உருவி ஓடும்போது உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். ஓரங்குல அகலத்தில் 5 அல்லது 6 அடி நீளமான நாடாக்கயிறு போதும். அதை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது ஆபத்து: நாய் திடீரெனப் பாய்ந்தால் எலும்பு முறியலாம், ஆள் விழுந்து இழுபடலாம். தானாக நீண்டு சுருங்கும் கயிறும் பெரிய நாய்க்குப் பொருந்தாது. அது எப்போதும் சற்று இறுகியே நிற்பதால், இறுகினால்தான் முன்னேறலாம் என்று நாய் கற்றுக்கொள்ளும். கழுத்துப்பட்டியை வைத்து இழுபறிப்படும் நாய்க்குத் தொண்டை நெரிவதுடன் கண்ணின் உள்ளழுத்தமும் கூடுகிறது. முதுகில் கொளுவும் மார்புப்பட்டி, பனிவண்டி இழுக்கும் நாய்களுக்குப் போல, இழுப்பதற்கு வசதியைத்தான் தரும். நெஞ்சுக்கு முன்னால் வளையம் வைத்த மார்புப்பட்டியே பழக்குவதற்கு நல்லது. நாய் இழுத்ததும் அதன் உடல் பக்கவாட்டில் திரும்பிவிடும். முள்பட்டியும் சுருக்குச் சங்கிலியும் வேண்டவே வேண்டாம். எதிரே வரும் நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தால், அந்த நோவுக்கு எதிரே வந்த நாய்தான் காரணம் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

பழக்குதல் வளவுக்குள் தொடங்க வேண்டும். நகக்கண் அளவு உணவுத் துண்டுகள் தேவை: முள் நீக்கிய அவித்த மீன் நன்று, கருவாட்டில் உப்பு மிகுதி. நாய் முழங்காலுக்கு அருகே, கயிறு வளைந்து தொங்க நடக்கும் ஒவ்வொரு சில எட்டுக்கும் முழங்கால் மட்டத்திலேயே துண்டைக் கொடுக்க வேண்டும். முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாய் முன்னால் ஓடவே பழகும். அடுத்த பாடம் படலையடியில். கொளுக்கியில் கை வைத்ததும் நாய் பாயும். கை பின்வாங்க வேண்டும். நாய் பின்வாங்கி உட்கார்ந்தால் படலை சற்றுத் திறக்கும், எழும்பினால் மீண்டும் சாத்தப்படும். அதட்டலோ அடியோ தேவையில்லை. பொறுத்தால் படலை திறக்கும் என்பதை நாய் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். படலையைத் தாண்டும்போதே கயிறு இறுகியிருந்தால், அன்றைய நடை முழுவதும் பெரும்பாலும் அப்படியே போகும்.

வீதியில் விதி ஒன்றே: கயிறு இறுகினால் கால் நிற்கும். பின்னால் இழுக்கக் கூடாது, இழுத்தால் நாய் எதிர்த்து இழுக்கும். நாய் தலையைத் திருப்பியோ ஓரெட்டு பின்வைத்தோ கயிற்றைத் தளர்த்தியதும் நடை தொடர வேண்டும். முதல் நாட்களில் ஓர் ஒழுங்கையைக் கடப்பதற்கே அரைமணி நேரம் போகலாம். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். மணம் பிடிப்பதையும் கூலியாக்கலாம். கயிறு தளர்ந்திருக்கும்போது “போ” என்று விட்டு, வேலியடியை ஆற அமர முகர விட வேண்டும். அது வீண் நேரமல்ல. மூக்கால் ஊரை அறிவது நாயின் தேவை.

நாய் இடப்பக்கம் நடக்க வேண்டும் என்று பயிற்சி நூல்கள் சொல்வதுண்டு. இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கம் ஓடுவதால், நடைபாதை இல்லாத வீதியில் நடப்பவர் வாகனங்களை எதிர்நோக்கி வலது ஓரத்தில் செல்வதே பாதுகாப்பு. அப்போது இடப்பக்க நாய் வாகனப் பக்கம் வந்துவிடும். ஆகவே இரு பக்கமும் நடக்கப் பழக்குவது நல்லது.

மன்னார்த் தீவில் நாய்க்குக் கடினமான சோதனை கட்டாக்காலிக் கழுதைகள். கழுதைக்கு நாய் இனத்தின் மேல் இயல்பாகவே பகை உண்டு. பல நாடுகளில் ஆட்டு மந்தைக்குக் காவலாகக் கழுதையை விடுவது அதனால்தான். காதைப் பின்னுக்கு மடித்துத் தலையைத் தாழ்த்தும் கழுதை, உதைக்கவோ கடிக்கவோ ஆயத்தமாகிறது. குட்டியோடு நிற்பதை நெருங்கவே கூடாது. நாய்க்கும் ஓர் அடையாளம் உண்டு: வாயை மூடி, உடல் விறைத்து, கண்ணிமைக்காமல் பார்த்தால் பாய்ச்சல் அடுத்தது. அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். கழுதையைக் கண்டும் நாய் உணவை வாங்கித் தின்னும் தூரமே பழக்குவதற்கு உரிய தூரம். அது 50 மீற்றராக இருந்தால் 50 மீற்றரில் தொடங்கி, நாள்போக்கில் குறைக்கலாம். கட்டாக்காலி நாய்களைக் கடக்கும்போது நேருக்கு நேர் போகாமல் வளைந்து விலகிச் செல்ல வேண்டும், ஓடக் கூடாது. அந்நியரைக் கண்டு அமைதியாக இருக்கப் பழக்குவதற்கு, வெளியூரார் பார்க்க வரும் பள்ளிமுனைப் பெருக்கமரத்தடி ஏற்ற இடம். ஒழுங்கையில் தேறிய பின் அங்கே போகலாம்.

தார் வீதியில் புறங்கையை 5 விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வேகும். வெயில் ஏறுமுன் அல்லது சாய்ந்த பின் நடத்துவதே முறை. கரையில் வீசப்பட்ட பேத்தை மீனை நாய் கவ்வவிடக் கூடாது, அதன் நஞ்சு மூச்சை நிறுத்தும். தூண்டில் முள்ளும் அங்கே கிடக்கும். ஆகவே “விடு” என்ற சொல்லுக்கு வாயிலிருப்பதைப் போடப் பழக்கிய பிறகே கரைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விசர்நோயைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் இலங்கையில் 1893இலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச்சட்டம் 1901இலும் வந்தன. ஆண்டுதோறும் தடுப்பூசி போடாத நாயை வீதிக்குக் கொண்டுவருவது அயலவருக்குச் செய்யும் தீங்கு. கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம்.

வளவுக்குள் நாயைப் பழக்குவதில் பிள்ளைகளும் சேரலாம், சேரவும் வேண்டும். ஆனால் பெரிய நாயின் கயிற்றை வீதியில் பிடிக்க வேண்டியவர் வளர்ந்தவரே. நாய் எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தாலும், தம்பி, நீ அதைத் தனியே வீதிக்குக் கொண்டுபோகாதே.

அன்புடன்,
அண்ணா