சான்சிபார் போகிற பையனுக்கு எந்த சிம்?

வெளிநாடு புறப்படும் பிள்ளையை அலிபிரியிலிருந்து படியேற்றித் திருமலைக்குக் கூட்டிப்போவது திருப்பதியில் எங்கள் பக்கத்து வீடுகளில் பழக்கம். பாதால மண்டபத்தில் பாதுகையைத் தலையில் ஏந்திச் சுற்றிவந்து, பையை லக்கேஜ் கவுண்டரில் போட்டு ரசீது வாங்கிக்கொண்டால், 3,550 படிக்கும் பேச்சு அந்தப் பிள்ளையைப் பற்றியேதான். முன்பெல்லாம் அமெரிக்கா, ஆஸ்திரேலியா. 2023 நவம்பரில் சென்னை ஐ.ஐ.டி. சான்சிபாரில் வளாகம் திறந்த பிறகு தான்சானியாவும் பேச்சில் அடிபடுகிறது. தார் எஸ் சலாமில் சில வருடம் கணக்கு எழுதியவன் என்பதால், அங்கே போன உடனே நெட்டுக்கு என்ன வழி என்று என்னைக் கேட்கிறார்கள். கேட்கும்போதே முடிவு எடுத்தாகியிருக்கும். அப்பா ரோமிங் என்பார், பையன் ஈசிம் என்பான்.

விடுதி வைஃபையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தால் பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பாக்களின் ரோமிங் ஆசைக்குப் பின்னால் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. "அங்கேயும் ஏர்டெல் இருக்குதாமே சார், நம்ம சிம்மே போதாதா?" ஏர்டெல் அங்கே இருப்பது உண்மை. 2010-ல் ஜெயின் நிறுவனத்திடமிருந்து ஆப்பிரிக்கத் தொழிலை வாங்கி, இன்று அங்கே 14 நாடுகளில் நடத்துகிறார்கள். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் உங்கள் திருப்பதி சிம் அங்கே உள்ளூர் சிம் ஆகிவிடாது, அதுவும் ரோமிங்தான். பத்து நாள் வேலைக்குப் போகிறவர் பேக் போட்டுக்கொள்ளட்டும். நாலு வருடம் படிக்கப் போகிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. இந்திய எண்ணை மட்டும் சாகவிடாதீர்கள். வங்கி ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் வரும். புறப்படும் முன்பே ரோமிங்கைத் திறந்து, டேட்டாவை அணைத்து, எண் உயிரோடு இருக்கிற அளவுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தால் போதும்.

பையன்களின் ஈசிம் மோகத்தைப் பற்றித்தான் எனக்குக் கோபம். சீனியர் ரீல் போட்டிருப்பான்: விமானம் இறங்குகிறது, போனைத் திறக்கிறான், நெட் ஓடுகிறது. வரிசை இல்லை, கடை இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பயணிகளுக்கு விற்கும் ஈசிம்களில் பெரும்பாலானவை டேட்டாவுக்கு மட்டும்தான், உள்ளூர் எண் வராது. தான்சானியாவில் எண் இல்லாதவன் பாதி மனுஷன். அங்கே பணம் போனில்தான் நடக்கிறது. கென்யாவில் 2007-ல் தொடங்கிய எம்-பெசா என்ற போன் பணச் சேவையை மறுவருடமே வோடாகாம் தான்சானியாவுக்குக் கொண்டுவந்தது. மூலைக்கு மூலை, சின்ன மரப்பெட்டிக் கடை மாதிரி உட்கார்ந்திருக்கும் வகாலா என்கிற ஏஜென்டிடம் ஷில்லிங்கைக் கொடுத்தால் உங்கள் எண்ணில் ஏற்றிவிடுவார். அந்தப் பணத்தை வைத்துக் காய்கறிக்காரருக்கும் கொடுக்கலாம், கரன்ட் யூனிட்டும் வாங்கலாம். ஈசிம் பையன் அங்கே நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பான். வாடகைக்கு வீடு காட்டுகிறவர் "நம்பர் சொல்லு" என்றால் திருப்பதி நம்பரைச் சொல்ல வேண்டும்.

வேகத்திலும் வில்லங்கம் உண்டு. இத்தகைய ஈசிம்கள் பலவும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் ரோமிங் சந்தாதான். டவர் தான்சானியாவுடையது, ஆனால் டேட்டா ஐரோப்பாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்த் திரும்பும். அலிபிரியில் நிற்பவன் காளஹஸ்தி போய்த் திருமலைக்கு வருகிற மாதிரி. வாட்ஸ்அப் செய்திக்கு இது தெரியாது. அம்மாவோடு வீடியோவில் பேசும்போது தெரியும்.

இன்னொன்று, பல ஈசிம்களின் கியூ.ஆர். கோடு ஒரு தடவைக்குத்தான். போன் தண்ணீரில் விழுந்தால், பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றி நண்பன் போனில் போடுவது போல இதைப் போட முடியாது. அதற்காக அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் இரண்டு நாளுக்கு, கடைக்குப் போகும் வரை, ஒரு ஜி.பி. வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதையும் இங்கே வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள், அதை நிறுவவே நெட் வேண்டும். போன் ஈசிம் எடுக்குமா என்று முதலில் பாருங்கள். ஈசிம் காசு கட்டிய பிறகு போனில் அந்த வசதியே இல்லை என்று தெரிந்துகொண்ட பையனை எனக்குத் தெரியும்.

ஆகவே உள்ளூர் சிம். அங்கே அதை லைனி என்பார்கள், டேட்டா பேக்கை பண்டோ. வோடாகாம், ஏர்டெல், ஹாலோடெல் இருக்கின்றன. டிகோவும் சான்சிபாரின் பழைய சான்டெல்லும் சேர்ந்தது 2024 கடைசியில் யாஸ் என்று பெயர் மாறிவிட்டது. நான் வோடாகாம்காரன், அதற்கு அலுவலகத்தின் கீழே அவர்கள் கடை இருந்ததைத் தவிர வேறு காரணமில்லை. நீங்கள் தங்கும் இடத்தில் எது எடுக்கிறது என்று அங்கிருப்பவனைக் கேளுங்கள். இங்கே யாரும் சொல்ல முடியாது, நான் உட்பட. 2024 மே மாதம் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க நெட் தடுமாறியது. அன்று எந்த சிம் வைத்திருந்தாலும் ஒன்றுதான்.

எல்லாமே வந்து இறங்கியவுடன் வேண்டும் என்கிற அவசரம் இந்தப் பிள்ளைகளிடம் எங்கே வந்ததோ. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்று டேட்டா சயின்ஸ் எடுக்கிறார்கள், ரீலில் வந்தது என்று ஈசிம் எடுக்கிறார்கள். தனக்குக் கணக்கு வருமா, தனியாக இருக்க வருமா, ஒரு கடையில் பொறுமையாக நின்று புரியாத பாஷையில் பேசி வேலையை முடிக்க வருமா என்று பார்ப்பதில்லை. கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலில் கேட்பேன். அந்த அரைமணி நேரம் கவுண்டரில் நிற்பவனுக்கு நாலு ஸ்வாஹிலி வார்த்தையும் வந்துவிடும், பேரம் பேசவும் வந்துவிடும்.

கம்பெனிக் கடைக்கே போங்கள். தான்சானியாவில் கைரேகை வைத்துத்தான் சிம் பதிவு. 2020 ஜனவரியில் அப்படிப் பதியாத எண்களை முடக்கத் தொடங்கினார்கள். தெருவில் ஒருவன் ஏற்கெனவே ஓடுகிற சிம்மை நீட்டினால் அது யார் பெயரிலோ இருக்கும், வாங்காதீர்கள். பாஸ்போர்ட்டை நகல் இல்லாமல் அசலாகவே எடுத்துப்போங்கள். சிம்மைப் போட்டுக் கொடுத்ததும் அங்கேயே நின்று ஒரு கால் செய்து, ஒரு பக்கம் திறந்து பார்த்து, எம்-பெசா மாதிரி அந்தக் கம்பெனியின் போன் பணக் கணக்கையும் கவுண்டர்காரரிடமே திறந்துகொண்டு வெளியே வாருங்கள். வீட்டுக்குக் கூப்பிடும்போது மணியைப் பாருங்கள், அங்கே ராத்திரி ஒன்பது என்றால் இங்கே பதினொன்றரை.