வாரிய அட்டையை எடுத்துப் பாருங்கள்

கொரோனா ஊரடங்கில் எங்கள் தெருவில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த ஆள் நான்தான். கொத்தனார், சித்தாள், ஆட்டோக்காரர் என்று எல்லாரும் வருவார்கள்.

2020 மார்ச் கடைசியில் தமிழக அரசு அறிவித்த உதவி இரண்டு வழியாக வந்தது. அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் ஏப்ரல் மாதப் பொருள்களும் ரேஷன் கடையில். அதில் பெரிய சிக்கல் இல்லை. நலவாரியத்தில் பதிந்த கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர்களுக்குத் தனியாக 1000, பிறகு இன்னொரு 1000. தலைவலியெல்லாம் இதில்தான்.

சித்தாள் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வாரிய அட்டையோடு வந்தார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அட்டை, கெடு தாண்டிவிட்டது. "புள்ள படிப்புக்குப் பணம் வாங்குனதோட பெட்டிக்குள்ள வச்சிட்டேன் தம்பி" என்றார். புதுப்பிக்கத் தவறியவர்களுக்கும் பின்னால் அரசு கொடுத்தது, உண்மைதான். ஆனால் உலை வைக்க வழியில்லாத ஏப்ரலில் அது கைக்கு வரவில்லை. இத்தனைக்கும் கட்டடச் செலவில் 1 சதவீதம் நலவரியாகப் பிடித்துத்தான் கட்டுமான வாரியத்துக்குப் பணம் சேர்கிறது. இவர்கள் சுமந்த செங்கல்லில் வந்த காசு. கேட்கக் கூச்சமே வேண்டாம்.

அடுத்தது வங்கிக் கணக்கு. ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு மத்திய அரசு மூன்று மாதம் 500 ரூபாய் போட்டது. எந்தக் கணக்கில் விழுந்தது என்றே பலருக்குத் தெரியவில்லை. வாரியத்தில் கொடுத்த கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா, செல்போன் எண் மாறிவிட்டதா என்று பாருங்கள். சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு சேர்ந்த மாதிரி உங்கள் வங்கியும் இணைந்திருந்தால் ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருக்கும். புதிய எண்ணை வாரியத்தில் பதியச் சொல்லுங்கள்.

2021-இல் அரிசி அட்டைக்கு 4000 ரூபாயை இரண்டு தவணையாக ரேஷன் கடையிலேயே ரொக்கமாகக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் ஆபத்துக்காலத்தில் அதுதான் சரியான வழி. கணக்கும் வேண்டாம், ஏடிஎம்மும் வேண்டாம். ஆனால் இந்த ஊர் அட்டை இல்லாத வடமாநிலத் தொழிலாளிக்கு அந்த ரொக்கம் கிடையாது. எங்கள் தெருவுக்குப் பின்னால் கட்டட வேலை செய்தவர்களுக்கு நாங்கள்தான் அரிசி திரட்டிக் கொடுத்தோம்.

இந்த வாரமே வாரிய அட்டையில் உள்ள தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால், பக்கத்து இ-சேவை மையத்திலோ தொழிற்சங்கத்திலோ கேட்டுப் புதுப்பித்துவிடுங்கள்.